பொருநையா, தாமிரபரணியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பொருநை என்றும் அழைக்கப்படும் தாமிரபரணி, அதாவது நெல்லைச் சீமையின் ஆற்றுப் பெயரைப் பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

தண்ணீரில் தாமிரச் சத்து கலந்திருப்பதால்தான் தாமிரபரணி என்று பெயர் வந்தது என எங்கள் பள்ளி ஆண்டு மலரில் போட்டிருக்கிறார்கள். உண்மையா? (ஸ்ரீவைகுண்டம் வாசகி)

பெயரில் தாமிரம் இருக்கிறது. ஆற்று நீரில் இருக்கிறது என்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

வடமொழி நூல்களில் இந்த ஆறு 'தாம்ரபர்ணீ'. 'தாம்ர' என்பது செம்பையும் குறிக்கும், செம்பின் நிறத்தையும் குறிக்கும். 'பர்ண' என்றால் இலை. சேர்த்துப் படித்தால் 'செந்நிற இலைகளை உடையவள்'. பொதிகைக் காட்டில் நாங்கு போன்ற மரங்கள் கொழுந்து விடும் பருவத்தில் மரமே சிவந்து நிற்கும். தமிழ் நாவில் 'பர்ணி' என்பது 'பரணி' ஆனதும் இலை உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது தாமிரம் மட்டும். அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டுமே, செம்பு தண்ணீருக்குள் வந்து சேர்ந்தது.

'ஐப்பசி, கார்த்திகையில் ஆறு சிவப்பாகத்தானே வருகிறது?' என்று கேட்டிருக்கிறீர்கள். அது செம்மண்ணின் நிறம். செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்ஸைடு. வெள்ள நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் செம்மை அடியில் வண்டலாகப் படிந்திருக்கும், மேலே நீர் தெளிந்திருக்கும். கரைந்த செம்பு அப்படிப் படியாது. அதன் நிறமும் சிவப்பாக இராது. நீலமும் பச்சையும் கலந்த சாயல்தான். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்துப் பயிருக்குத் தெளித்தவர்களுக்கு இது தெரியும்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. ஓர் ஆற்றில் கண்ணுக்கு நிறம் தெரியும் அளவு செம்பு கரைந்திருந்தால் அது பெருமைப்படும் செய்தியாக இராது, மீன் தங்காது. சந்தேகம் தீர வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். செம்பு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். உலோகச் சோதனை வழக்கமான உப்பு, கடினத்தன்மைச் சோதனையிலிருந்து வேறானது, நீரை எடுத்து வைக்கும் முறையும் வேறு. ஆய்வகம் சொல்லும் பிளாஸ்டிக் புட்டியில் மட்டும் எடுங்கள். செப்புக் குடத்தில் மொண்டு கொண்டுபோனால் குடத்தைத்தான் சோதித்ததாகும்.

இந்த ஆற்றங்கரையில் உள்ள பழைய புதைகுழித் தலமான ஆதிச்சநல்லூரைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. 1876-ல் யாகோர் தோண்டினார், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார், வெண்கலப் பொருள்கள் ஏராளமாகக் கிடைத்தன. எல்லாம் சரி. ஆற்றங்கரையில் வெண்கலம் புழங்கியது என்பதற்கு அது சான்று. ஆற்றுக்குப் பெயர் வந்த காரணத்துக்கு ஆகாது.

இப்படிப்பட்ட விளக்கங்களைச் சோதிக்க எளிய வழி, கிடைப்பதில் மிகப் பழைய வடிவத்தில் பெயரை எழுதி, விளக்கம் அதற்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. மதுரையில் குண்டோதரன் தாகம் தீர இறைவன் 'வை, கை' என்றார், அதனால் வைகை என்று கதை சொல்வார்கள். கேட்க இனிய கதை. ஆனால் பரிபாடல் அந்த ஆற்றை 'வையை' என்கிறது. அந்த வடிவத்தில் 'கை' இல்லை, எனவே கதையும் நிற்காது. 'பரணி'க்கும் இதே சோதனைதான்.

தாமிரபரணி, தாமிரபர்ணி, தாமிரவருணி. எது சரியான எழுத்துக்கூட்டல்? பரணி நட்சத்திரத்துக்குத் தொடர்பு உண்டா? (பாளையங்கோட்டை மாணவி)

நட்சத்திரத்துக்கும் தொடர்பில்லை, கலிங்கத்துப் பரணி வகையான நூலுக்கும் தொடர்பில்லை.

மூன்று வடிவமும் ஒரே சொல்லின் மூன்று பிள்ளைகள். 'ர்ண' என்ற கூட்டொலியைத் தமிழ் பல வழிகளில் உடைக்கும். வர்ணம் என்பது வருணமும் ஆகும், வண்ணமும் ஆகும். பர்ணசாலை பன்னசாலை ஆகும். சொல்லின் நடுவில் வரும் பகரம் வகரமாவதும் வழக்கமே. பாபம் பாவம் ஆகிறது. ஆறு மலையிறங்கும் ஊரையே பாபநாசம் என்றும் பாவநாசம் என்றும் எழுதுகிறோம். எனவே 'பர்ணி' ஒரு பக்கம் பரணியாகவும் இன்னொரு பக்கம் வருணியாகவும் போனது. 'வருணி' என்று ஆனபின் 'செம்பு வர்ணம் கொண்டவள்' என்று புது விளக்கம் ஒட்டிக்கொண்டது. அது பின்னால் வந்தது.

இன்றைக்கு எழுத 'தாமிரபரணி' போதும். அரசு ஆவணமும் பாடநூலும் அதுவே. ஆனால் ஆய்வுக்காகத் தேடும்போது ஒன்றோடு நிற்காதீர்கள். பழைய அச்சுநூல்களில் தாம்பிரபன்னி, தாமிரவன்னி என்றும் வரும். ஆங்கில எழுத்தில் தேடினால் முதலெழுத்து 'டி' தனியாகவும் 'டிஎச்' ஆகவும், இடையில் 'எம்' மட்டும் இருப்பதும் 'எம்பி' இருப்பதும், பின்பகுதி பி, வி இரண்டாலும் என்று மாற்றிமாற்றிப் போட வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'பழைய ஆவணம் எதுவும் இல்லை' என்று முடிவுகட்டுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் தவறு.

புறநானூற்றுப் பொருநை எங்கள் அமராவதிதான். நெல்லையில் அருங்காட்சியகத்துக்கே 'பொருநை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உரிமை யாருக்கு? (கரூர் வாசகர்)

உங்கள் கோபத்தில் முக்கால் பங்கு நியாயம் இருக்கிறது.

பாடல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். புறநானூறு 11-ஆம் பாட்டு, பேய்மகள் இளவெயினி பாடியது: 'தண்பொருநைப் புனல்பாயும் விண்பொருபுகழ் விறல்வஞ்சி'. பாடப்பட்டவன் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ, ஊர் வஞ்சி. புறநானூறு 36-ல் ஆலத்தூர் கிழார் 'தண்ணான் பொருநை வெண்மணல் சிதைய' என்கிறார்; கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருந்தபோது பாடியது அது. அகநானூறு 93 இன்னும் தெளிவு. நக்கீரர் 'கருவூர் முன்துறை' என்று ஊரைச் சொல்லி, அதன் கரையில் குவிந்த 'தண்ணான் பொருநை மணலினும் பலவே' என்று முடிக்கிறார். வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்று ஒரு பழைய வழக்கு இருக்கிறது. எங்கே வைத்தாலும் அது சேரர் ஊர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு அங்கே பாயாது.

ஆகவே இந்தப் பாடல் வரிகளைத் தாமிரபரணிப் படத்துக்குக் கீழே அச்சிடுவது தவறு. நெல்லை விழா மலர்களிலும் சுவர் விளம்பரங்களிலும் மிக அதிகமாகக் காணப்படுவது புறம் 11-தான். 'தண்பொருநை' என்ற சொல்லைப் பார்த்ததும் அதே தொடரில் பின்னால் வரும் 'வஞ்சி'யை விட்டுவிட்டு வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி மீதிக் கால் பங்கு. தாமிரபரணிக்கும் இந்தப் பெயர் பழமையாகவே உண்டு. சான்றுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நம்மாழ்வார் திருவாய்மொழியில் (6-5-8) 'பொருநல் வடகரை வண்தொலைவில்லி மங்கலம்' என்கிறார். தொலைவில்லிமங்கலம் என்பது ஆழ்வார்திருநகரிக்கு அருகில் உள்ள இரட்டைத் திருப்பதி. இன்றும் ஆற்றின் வடகரையில்தான் இருக்கிறது. பாடியவரின் ஊரான குருகூரும் இதே கரைநாடு. இதைவிட உறுதியான சான்று ஆற்றுப் பெயர் ஆய்வில் அபூர்வம். வடிவம் 'பொருநை' என்று இல்லாமல் 'பொருநல்' என்று இருப்பதையும் கவனியுங்கள்.

அடுத்து கம்பர். சீதையைத் தேடத் தெற்கே போகும் வானரர்களுக்கு வழி சொல்லும் இடத்தில், பொதியில் மலையைச் சொல்லி, 'பொருநை எனும் திருநதி பின்பொழிய' அதைக் கடந்து, மயேந்திர மலையையும் கடலையும் காணச் சொல்கிறார். வரிசையை நிலப்படத்தில் வைத்துப் பாருங்கள்: பொதிகை, ஆறு, அதற்குத் தெற்கே மகேந்திரகிரி. பொருந்துகிறது. கரூர் ஆறு இந்த வரிசையில் எங்கும் நுழைய முடியாது.

எனவே இரண்டு ஆறுகள், ஒரே பெயர். சேர நாட்டு ஆற்றை 'ஆன்பொருநை' என்று அடைகொடுத்தும் சொன்னார்கள். கரூர்ச் சிவன்கோயிலைத் தேவாரம் 'கருவூர் ஆனிலை' என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கும் அதே 'ஆன்'. பின்னாளில் அந்த ஆறு ஆம்பிராவதி, அமராவதி என்றாகித் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கும் இடம் வரை பழைய பெயரை இழந்துவிட்டது. தென்னாட்டு ஆறு மட்டும் பொருநையைக் கைவிடவில்லை. 2021-ல் தமிழக அரசு தாமிரபரணிப் பகுதியில் உள்ள சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்மணியின் காலக்கணிப்பை (கி.மு. 1155) அறிவித்தபோது 'பொருநை நாகரிகம்' என்று சொன்னதும், அருங்காட்சியகத்துக்கு அதே பெயரை வைத்ததும் இந்தத் தொடர்ச்சியில்தான். பெயர் வைத்ததில் பிழையில்லை. சங்கப் பாடலைத் தவறான ஆற்றில் இறக்குவதில்தான் பிழை.

பாட்டில் ஆற்றுப் பெயரைக் கண்டால் மூன்று வரி முன்னும் மூன்று வரி பின்னும் படித்து, எந்த ஊர், எந்த அரசன், எந்த மலை என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பாட்டை எந்த ஆற்றுக்கும் எழுதிக்கொடுக்காதீர்கள்.

இலங்கைக்கும் தாமிரபரணி என்று பெயர் இருந்ததாமே. ஆற்றிலிருந்து தீவுக்குப் போனதா, தீவிலிருந்து வந்ததா? (தூத்துக்குடி வாசகர்)

அசோகரின் 2-ஆம், 13-ஆம் பாறைக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர் பெயர்களுக்குப் பின் 'தம்பபம்ணி' வருகிறது. நாடுகளின் பட்டியலில் பாண்டியருக்கு அப்பால் நிற்பதால் அது தீவு என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். பாண்டிய நாட்டுக்குள் ஓடும் ஆற்றைப் பாண்டியருக்கு அடுத்த தனி எல்லையாகச் சொல்வது இயல்பாக இல்லை. கிரேக்கர் எழுதிய 'தப்ரொபானே'யும் தீவுதான்.

இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் காரணம் வேறு. வடநாட்டிலிருந்து வந்த இளவரசன் விஜயனோடு கரையிறங்கியவர்கள் களைத்துத் தரையில் கையூன்றினார்கள், செம்மண் பட்டுக் கைகள் சிவந்தன, எனவே 'தம்பபண்ணி' என்கிறது. இங்கே பின்பகுதி 'பாணி', அதாவது கை. நம் ஆற்றுக்கு இலை, அவர்கள் தீவுக்குக் கை. ஒரே ஒலிக்கு இரண்டு கரையிலும் இரண்டு விளக்கம் தேடியிருக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது மன்னார் வளைகுடாவும் அதன் முத்தும். அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது தாம்ரபர்ணிகத்தைச் சொல்கிறது. காளிதாசரின் ரகுவம்சத்தில் பாண்டியர் ரகுவுக்குக் கொடுப்பது தாம்ரபர்ணி கடலில் கலக்குமிடத்து முத்துக்களை. வால்மீகி அந்த ஆற்றை முதலைகள் நிறைந்த பேராறு என்கிறார். முத்து வாங்க வந்தவர்கள் வாயில் இந்தப் பெயரும், கரையில் உழுதவர்கள் வாயில் பொருநையும் வழங்கியிருக்கும் என்று கொள்வது பொருத்தம். கிரேக்கப் புவியியலாளர் தாலமி மட்டும் தனி வழி: பெட்டிகோ மலையில் பிறக்கும் ஆற்றைச் 'சோலேன்' என்கிறார். பெட்டிகோ பொதிகை, சோலேன் கிரேக்கத்தில் ஒருவகைச் சிப்பியின் பெயரும்கூட. 'தப்ரொபானே' என்ற பெயரை அவரும் தீவுக்கே வைத்துக்கொண்டார்.

குழித்துறை ஆற்றையும் தாமிரபரணி என்கிறார்களே? (மார்த்தாண்டம் வாசகி)

அது வேறு ஆறு. கோதையாறும் பறளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலை அடைகிறது. நெல்லை ஆறு கிழக்கே மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. பெயர்க் குழப்பம் வெள்ளக் காலத்தில் ஆபத்தாகும். கைப்பேசியில் 'தாமிரபரணியில் எச்சரிக்கை' என்று செய்தி வந்தால் அணையின் பெயரைப் பாருங்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி என்றிருந்தால் உங்களுக்கு. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்றிருந்தால் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு. அணைப் பெயர் இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சிற்றாறா, சித்தாறா, சித்ரா நதியா? (தென்காசி வாசகர்)

சிறு ஆறு, சிற்றாறு. 'காற்று' என்பதைக் 'காத்து' என்று சொல்லும் நாக்கு அதைச் சித்தாறு என்று சொல்லும். அந்தப் பேச்சொலியைக் கேட்டு வடமொழித் தலபுராணம் 'சித்ரா நதி' ஆக்கியது. பாலாற்றைப் பொருள் பார்த்து க்ஷீரநதி என்று மொழிபெயர்த்தார்கள்; இங்கே பொருளை விட்டு ஒலியைப் பிடித்தார்கள். குற்றாலத்து நீர் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இந்தச் சீவலப்பேரிதான். அம்பாசமுத்திரம் பக்கம் முக்கூடல் என்றே பெயருள்ள ஊருக்குப் பேருந்து ஏறிப்போய்ப் பள்ளு நடந்த இடத்தைத் தேடாதீர்கள்.

எங்கள் நொய்யலின் பெயர் வரலாற்றை நானே தேட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? (பேரூர் வாசகர்)

ஆற்றங்கரையில் தொடங்குங்கள், நூலகம் பிறகு. ஆனால் 'இந்த ஆற்றுக்குப் பழைய பெயர் என்ன?' என்று கேட்காதீர்கள். கரையில் வாழ்பவருக்கு அது 'ஆறு', அவ்வளவுதான். அல்லது பள்ளியில் படித்ததைத் திருப்பிச் சொல்வார். துறை, மடை, அணை, ஆழமான மடு, கிளை வாய்க்கால் ஆகியவற்றின் பெயர்களைக் கேளுங்கள். பழைய பெயர் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் பாய்ச்சுபவர், மீன் பிடிப்பவர், துணி வெளுப்பவர் மூவரையும் தனித்தனியே கேளுங்கள். இரு கரையிலும், தலைமடை, இடைமடை, கடைமடை மூன்றிலும் கேளுங்கள். ஓர் ஆறு முழு நீளத்துக்கும் ஒரே பெயரில் ஓட வேண்டியதில்லை: சேலம் பக்கம் வசிட்ட நதி என்று வருவது கீழே போய் வெள்ளாறு ஆகிறது. உங்கள் நொய்யலே நல்ல எடுத்துக்காட்டு. பேரூர்ப் புராணத்தில் அது காஞ்சிமாநதி. நொய்யல் என்பது காவிரியோடு கலக்குமிடத்தில் உள்ள ஊரின் பெயர். கடைமடைக்குப் போகாதவருக்கு இது தட்டுப்படாது.

இரண்டாவது, வருவாய்த்துறை ஆவணம். கிராம 'அ' பதிவேட்டில் ஆறு புறம்போக்காகப் புல எண்ணோடு இருக்கும். அரசின் இணையவழி நிலச் சேவையில் புல எண் கொடுத்துப் பார்க்கலாம். இதில் கிடைப்பது நிர்வாகப் பெயர். சில இடங்களில் வெறும் 'ஆறு' என்றே இருக்கும், ஏமாற வேண்டாம். இதைவிடப் பழையது வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் (மானிய நில) பதிவேடுகள் உண்டு. உங்கள் மாவட்டத்துக்கான பழைய விவரச்சுவடியும் (கெசட்டியர்) படிக்கத் தக்கது, திருநெல்வேலிக்கு எச்.ஆர். பேட் எழுதியது 1917-ல் வந்தது.

மூன்றாவது, கல்வெட்டு. கரையோரக் கோயில்களின் கல்வெட்டுகள் அச்சாகியிருக்கின்றனவா என்று தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியீடுகளிலும் பாருங்கள். பாண்டியர் கல்வெட்டுகளுக்கு 14-ஆம் தொகுதி. அரசன் புகழைப் பாடும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தியில் நேரம் செலவிட வேண்டாம், அங்கே ஆறு வந்தாலும் அது அலங்காரம். நிலதானத்தின் எல்லைப் பகுதிக்குப் போங்கள்: 'கீழ்பாற்கெல்லை', 'தென்பாற்கெல்லை' என்று நான்கும் வரும். எல்லையில் பொய்ப் பெயர் எழுதினால் அன்றே வழக்கு வந்திருக்கும், அதனால் அந்த வரிகள் நம்பகமானவை.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் எழுத்தால் வரும். பழைய எழுத்தில் புள்ளி இடுவது அரிது, எகர ஒகரங்களின் குறில் நெடில் தெரியாது, சுவடியில் ரகரமும் காலும் (ா) ஒன்றுபோல் இருக்கும். எனவே பதிப்பாசிரியர் வாசித்த ஒரு பெயர் வேறு எந்தச் சான்றிலும் வரவில்லை என்றால், மைப்படியையோ (கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படி) நல்ல நிழற்படத்தையோ பார்த்துவிட்டு எழுதுங்கள். சோழர் காலக் கல்வெட்டில் அரசன் பட்டத்தோடு ஆற்றுக்குப் பெயர் இருந்தால் அது ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போன பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். அதையே 'மூலப் பெயர்' என்று சொல்லிவிடாதீர்கள்.

தலபுராணம் கடைசியில். கதையை விட்டுவிட்டு ஊர், துறை, தீர்த்தம் ஆகிய பெயர்ச்சொற்களை மட்டும் பட்டியல் எடுங்கள். கிடைத்த ஒவ்வொரு பெயருக்கும் எதில் வருகிறது, எந்த நூற்றாண்டு, எந்த ஊர்ப் பக்கம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வந்தால், ஐந்தாறு பெயர் சேர்ந்ததும் எது எதன் திரிபு என்று தானே தெரியத் தொடங்கும்.

மணல் அள்ளுவது பற்றி மனு எழுதுகிறோம். 'பொருநை ஆறு' என்று எழுதலாமா? (வல்லநாடு வாசகர்கள்)

தலைப்பில் ஆசைக்கு ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். மனுவின் உடலில் 'தாமிரபரணி' என்றே இருக்கட்டும். வருவாய்க் கிராமம், புல எண், அருகிலுள்ள அணைக்கட்டு, கால்வாய் நான்கையும் சேருங்கள். மருதூர் மேலக்காலா கீழக்காலா, ஸ்ரீவைகுண்டம் வடகாலா தென்காலா என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் 'இடம் தெரியவில்லை' என்று மனு திரும்பி வரும்.